சத்தம் கேட்காத அறை

அந்தக் காப்பகத்தை நடத்துகிறவளுக்கு இரண்டு பெயர். எதிரில் மேடம். முதுகுக்குப் பின்னால் உஷ் மேடம். வாயைத் திறந்தால் முதலில் வருவது "உஷ்"தான், மீதிப் பேச்சு அப்புறம். கல்யாணமான நாளிலிருந்து அவள் வீட்டுக்காரர் தும்மல் வந்தால்கூட வாசலுக்குப் போய்த் தும்மிவிட்டு வருகிறார் என்று துணி துவைக்கிற அம்மா சொல்லிச் சிரிப்பாள்.

கீழே ஒரு செருப்புக் கடையும் போட்டோ ஸ்டுடியோவும். மாடியில் காப்பகம். முன்னறையில் நடக்கிற வயசுப் பிள்ளைகள். ஓடும், விழும், ஒன்றை ஒன்று கடிக்கும். அதைத் தாண்டினால் கண்ணாடிக் கதவு போட்ட தூங்குகிற அறை. ஜன்னலுக்குக் கனமான திரை. நான்கு தொட்டில்கள். குழந்தை தலையை இடித்துக்கொள்ளக் கூடாதென்று ஒவ்வொரு தொட்டிலுக்கும் உள்பக்கமாகச் சுற்றிலும் பஞ்சு வைத்துத் தைத்த துணி கட்டியிருந்தது. அதனால் கதவிலிருந்து பார்த்தால் தொட்டில் தெரியுமே தவிர, உள்ளே கிடக்கிற குழந்தை தெரியாது.

புதிதாகச் சேர்க்க வருகிறவர்களை மேடம் நேராக அந்தக் கதவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். கொஞ்ச நேரம் நிற்க விடுவாள். பிறகு என்ன கேட்கிறது என்று கேட்பாள். ஒன்றும் கேட்கவில்லையே என்பார்கள். அவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது என்பாள். வீட்டில் ஒரே ஒரு குழந்தையைத் தூங்க வைக்க முடியாமல் கண் சிவந்துபோய் வந்தவர்களுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

அந்த அமைதி எப்படி வந்தது என்பது அங்கே இரண்டே பேருக்குத் தெரியும். ஒன்று மேடம். இன்னொன்று அவளிடம் வேலை பார்த்த சின்னு. வீட்டில் இளையவள் என்பதால் வந்த பெயர், வேலைக்கு வந்த இடத்திலும் ஒட்டிக்கொண்டது.

அழுகிற குழந்தையை மேடம் தொட்டிலில் குப்புறப் போடுவாள். அடியில் மெத்தென்று ஒரு போர்வையை மடித்து வைப்பாள். முதுகில் உள்ளங்கையை வைத்துத் தட்டுவாள். குப்புறக் கிடக்கிற குழந்தை திடுக்கிட்டு விழிக்காது, அடித்துப் போட்ட மாதிரி தூங்கும். முன்பொரு தடவை சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நர்ஸ் வந்து பார்த்துவிட்டு இது கூடவே கூடாது என்று சொல்லிப் போனாள். இந்த வயசுக் குழந்தையை எப்போதும் மல்லாக்கத்தான் போட வேண்டும், தொட்டிலில் தலையணை, போர்வை, பஞ்சுத் துணி எதுவும் இருக்கக் கூடாது, நோய் நொடி இல்லாத குழந்தைகூடத் தூக்கத்திலேயே போய்விடும், அழுது காட்டக்கூட அதற்குத் தெரியாது என்றாள். மேடம் பக்தியோடு தலையாட்டினாள். நர்ஸ் படி இறங்கிய பிறகு, இவள் வந்து ஒரு நாள் தூங்க வைத்துக் காட்டட்டுமே என்றாள்.

ஆனாலும் அந்தப் பேச்சு அவளை எங்கேயோ உறுத்தியிருக்க வேண்டும். ஒரு ஏற்பாடு செய்தாள். குப்புறப் போட்டுத் தூங்க வைப்பது மேடம். தூங்கியதும் மெல்லத் திருப்பி மல்லாக்கப் போட்டுப் போர்வையை உருவி எடுப்பது சின்னு. ஞாபகத்துக்குத் தொட்டிலுக்கு ஒன்றாகச் சிவப்புத் துணிக் கிளிப். தொட்டிலின் தலைமாட்டுக் கம்பியில் கிளிப் இருந்தால் குழந்தை இன்னும் குப்புறக் கிடக்கிறது என்று அர்த்தம். திருப்பிய பிறகு சின்னு அதைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் இருக்கும் டப்பாவில் போடுவாள். இருட்டில் ஒவ்வொரு தொட்டிலாகக் குனிந்து பார்க்க வேண்டாம், கதவிலிருந்தே தெரிந்துவிடும். இது நமக்குள்ளேயே இருக்கட்டும், துணி துவைக்கிறவள் காதில் விழுந்தால் தெரு முழுக்கத் தெரியும் என்று சொல்லி மேடம் உதட்டில் விரலை வைத்தாள்.

ஆரம்பத்தில் சின்னு கிளிப்பைக் கண்டதும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடுவாள். கைவேலை அதிகமான நாளில் திருப்புவதற்குத் தாமதமாகும். ஓடிப் போய்ப் பார்ப்பாள். குழந்தை நன்றாகத்தான் இருக்கும். அடுத்த தடவை ஓட மாட்டாள், நடந்து போவாள். அப்படியே பழகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் அவள் அக்காவுக்குப் பிரசவ லீவு முடிந்தது.

அக்கா மருந்துக் கடையில் கவுண்டரில் நிற்கிறவள். அவள் கணவன் லாரி ஓட்டுகிறவன். வீட்டில் இருக்கிற நாளைவிட ரோட்டில் இருக்கிற நாள் அதிகம். மாமியாருக்கு முழங்கால் போய்விட்டது, அவளைத் தூக்கி உட்கார வைக்கவே ஒரு ஆள் வேண்டும். குழந்தை பிறக்கும்போதே எடை குறைவு. அதனால் பட்டாணி என்று கூப்பிட ஆரம்பித்து, இப்போது கன்னம் இரண்டும் உப்பிய பிறகும் பட்டாணிதான். பட்டாணியை எங்கே விடுவது என்று அக்கா கையைப் பிசைந்தபோது, எங்க காப்பகம் இருக்கும்போது உனக்கு என்ன கவலை என்று சொன்னது சின்னுதான். வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகுதான் அந்தச் சிவப்புக் கிளிப் ஞாபகத்துக்கு வந்தது.

அக்கா மருந்துக் கடைக்காரி அல்லவா, ஒன்றுக்குப் பத்தாய் விசாரிப்பாள். பட்டாணி பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூடக் குப்புறத் தூங்கியதில்லை என்றாள். தொட்டிலில் ஒரு கர்சீப்கூட விடுவதில்லை என்றாள்.

"அங்கயும் மல்லாக்கத்தானே போடுவீங்க?"

"ஆமாக்கா."

"எல்லாக் குழந்தையையுமா?"

"நான் இருக்கேன்ல. பேசாம வேலைக்குப் போ."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும்: அப்படியானால் நீ அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறாய்? அந்தக் கேள்விக்குப் பயந்து அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். பட்டாணியை நானே படுக்க வைத்துக்கொள்கிறேன், நீங்கள் கை வைக்க வேண்டாம் என்று மேடத்திடம் கேட்டாள். மேடம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஊரார் பிள்ளைக்கு ஒரு சட்டம், உன் அக்கா பிள்ளைக்கு ஒரு சட்டமா என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். கேட்டது சிரிப்பாகத்தான் இருந்தது. சின்னுவுக்குத்தான் சுருக்கென்று தைத்தது. சரி, உன் இஷ்டம் என்று மேடம் ஒத்துக்கொண்டாள்.

பட்டாணிக்கு இடம் புதுசு, வாசனை புதுசு. மல்லாக்கப் போட்டால் கையை விரித்து உதறிக்கொண்டு அழுதது. தூங்கினாலும் கோழித் தூக்கம். அது அழுதால் பக்கத்துத் தொட்டிலில் இருப்பது எழும், அது எழுந்தால் அதற்கடுத்தது. வாரம் முடிவதற்குள் மேடத்தின் முகம் கறுத்துவிட்டது. வெளியே போகிற பெற்றோர் திரும்பிப் பார்க்கிறார்கள் என்றாள். இதென்ன காப்பகமா சந்தைக்கடையா என்றாள். சின்னு பட்டாணியை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு மற்ற வேலையெல்லாம் செய்தாள். ஒரு கையால் பால் புட்டி கழுவினாள்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் புதிதாக ஒருவர் காப்பகத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. இரட்டைக் குழந்தைகளின் அப்பா. இரண்டும் ஒரே சமயத்தில் சேரும் என்பதால் மேடம் காலையிலிருந்தே பரபரத்துக்கொண்டிருந்தாள். திரையைச் சரி செய்தாள், தரையை இரண்டு தடவை துடைக்கச் சொன்னாள். வெளியே தூறல் போட்டது. சின்னு அப்போதுதான் பட்டாணிக்குப் பால் கொடுத்துத் தொட்டிலில் மல்லாக்க விட்டிருந்தாள். அது அழுகையை ஆரம்பித்திருந்தது. முன்னறையில் ஒரு பையன் சாப்பிட்டதையெல்லாம் தன் மேலும் பக்கத்துப் பிள்ளை மேலும் வாந்தி எடுத்தான். சின்னு இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள்.

பட்டாணியின் அழுகைக்கு இன்னும் இரண்டு எழுந்துகொண்டன. படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்கும் நேரம் அது. மேடம் உள்ளே போனாள். மற்ற இரண்டையும் வழக்கம்போலக் குப்புறத் திருப்பித் தட்டினாள். பிறகு பட்டாணியின் தொட்டிலுக்கு முன்னால் ஒரு கணம் நின்றாள். சின்னுவுக்குக் கொடுத்த வாக்கு அவளுக்கு ஞாபகம் இருந்தது. கொஞ்ச நேரத்துக்குத்தானே, கிளிப்பைப் பார்த்தால் அவளே வந்து திருப்பிவிடப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டாள். போர்வையை மடித்து வைத்தாள். பட்டாணியைக் குப்புறப் போட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அப்படிக் கிடந்த அந்தக் குழந்தை முகத்தைப் போர்வையில் தேய்த்தது, முனகியது, முதுகில் விழுந்த தட்டலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. மேடம் மூன்று தொட்டில்களிலும் சிவப்புக் கிளிப்பை மாட்டினாள். வாசல் மணி அடித்தது. போனாள்.

அவள் அந்தப் பக்கம் போனதும் துணி துவைக்கிற அம்மா இந்தப் பக்கம் வந்தாள். தூறல் வலுத்ததால் மொட்டை மாடியில் காய்ந்த துணியையெல்லாம் வாரிக்கொண்டு வந்து சமையலறைக்குப் பின்னால் இருந்த பால்கனிக் கொடியில் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள். காற்று அள்ளியது. கிளிப் போதவில்லை. தூங்குகிற அறையின் ஜன்னலில் ஒரு டப்பா இருப்பது அவளுக்குத் தெரியும். பூனை மாதிரி நுழைந்து டப்பாவில் இருந்ததை எடுத்தாள். தொட்டில் கம்பியில் சும்மா மாட்டிக்கிடந்த மூன்றையும் கழற்றிக்கொண்டாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். அதில் அவள் மேடத்தையே மிஞ்சியவள்.

சின்னு பிள்ளைகளைக் குளிப்பாட்டித் துடைத்து உடை மாற்றிவிட்டு வந்தாள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாள். தலைமாட்டுக் கம்பிகளில் கிளிப்பைத் தேடினாள். எதிலும் சிவப்பு இல்லை. ஒரு சத்தமும் இல்லை. அழுது அழுது பட்டாணி தானாகவே தூங்கிவிட்டாள் என்று நினைத்தபோது அவளுக்குத் தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. மேடம் சொல்வதும் சரிதான், எல்லாம் பழக்கம், இனி பிரச்சினை இல்லை. போனை எடுத்து, பட்டாணி நன்றாகத் தூங்குகிறாள் என்று அக்காவுக்கு அனுப்பினாள். அப்பாடா என்று உடனே பதில் வந்தது.

முன்னறையில் மேடம் இரட்டைக் குழந்தைகளின் அப்பாவை உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். அந்த ஆளுக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம். பேச்சுக்கு நடுவே கொட்டாவியை விழுங்கினார். மேடம் அவரை எழுப்பிக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். என்ன கேட்கிறது என்றாள். அவர் காதைக் கூர்மையாக்கிக் கேட்டார். பொறாமையோடு தலையை ஆட்டினார். எங்கள் வீட்டில் இப்படி ஒரு நிமிஷம் கிடைத்தால் நானும் என் மனைவியும் சேர்ந்து அழுதுவிடுவோம் என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள், மெல்ல, அந்தக் கதவுக்கு முன்னால்.

சின்னு சோற்றைப் போட்டுக்கொண்டு சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டாள். எதிரே பால்கனிக் கொடி. குழந்தைகளின் சின்னச் சின்னச் சட்டைகள், பால் துடைக்கிற துண்டுகள், எல்லாம் காற்றில் படபடத்தன. மரக் கிளிப்புகளுக்கு நடுவில் சிவப்பு. அவள் மென்றுகொண்டே பார்த்தாள். அங்கே ஒரு சிவப்பு, இங்கே ஒன்று, அந்த ஓரத்தில் இன்னும் இரண்டு.

டப்பாவில் இருந்த கிளிப்பை எடுத்தாயா என்று கொடியருகே நின்றவளைக் கேட்டாள். துணி துவைக்கிற அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"டப்பால ஒண்ணுதான் இருந்துச்சு. மீதி மூணும் தொட்டில்ல சும்மா மாட்டி இருந்துச்சே, அத எடுத்தேன். ஏன், கிளிப்புக்குக்கூட இப்ப உஷ்ஷா?"

சின்னு தட்டைக் கீழே வைத்தாளா, போட்டாளா, அது யாருக்கும் ஞாபகம் இல்லை. கதவுக்கு முன்னால் நின்ற இரண்டு பேரையும் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பட்டாணி குப்புறக் கிடந்தது. முகம் பக்கவாட்டில்கூட இல்லை, நேராகப் போர்வைக்குள். முதுகு ஏறி இறங்கவில்லை. தூக்கியபோது கழுத்து நிற்காமல் தலை பின்னால் சாய்ந்தது. உதட்டைச் சுற்றி நீலம். சின்னு அதைக் கைமேல் மல்லாக்கப் போட்டுக்கொண்டு உள்ளங்காலைச் சுண்டினாள், மார்பைத் தேய்த்தாள், பட்டாணி பட்டாணி என்று கூப்பிட்டாள்.  குழந்தையின் கை துணி மாதிரி தொங்கியது.

பிறகு ஒரு விக்கல். சின்னதாக, யாரோ பக்கத்து அறையில் விக்கின மாதிரி. அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம் இன்னொன்று. நெஞ்சு குழிந்து எழுந்தது. கடைசியில் ஒரு அழுகை, கரகரவென்று, கிழிந்துபோன அழுகை.

மேடம் வாசற்படியில் நின்றாள்.

"எழுப்பிட்டியா?"

 மூன்று கிளிப். அந்தக் கணக்கு அப்போதுதான் சின்னுவுக்கு உறைத்தது. பட்டாணியைத் தோளில் அணைத்துக்கொண்டே அடுத்த தொட்டிலுக்குப் போனாள், ஒரு கையால் அந்தக் குழந்தையைத் திருப்பினாள். சூடு இருந்தது, மூச்சு இருந்தது. அதற்கடுத்தது. அதுவும் இருந்தது. நாலாவது மல்லாக்கத்தான் கிடந்தது. அதையும் தொட்டுப் பார்த்தாள். போர்வைகளை உருவித் தரையில் எறிந்தாள். திரையை இழுத்துத் திறந்தாள். நான்கு குழந்தைகளும் ஒன்றாக வீறிட்டன. அந்த அறை கட்டிய நாளிலிருந்து அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டிருக்காது.

இரட்டைக் குழந்தைகளின் அப்பா என்ன ஆச்சு என்று கேட்டார். பசி என்றாள் மேடம். அவரை முன்னறைக்கு அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து, பட்டாணியின் முகத்தை விரலால் திருப்பிப் பார்த்தாள். நிறம் வந்துவிட்டதே, அழுகிறதே, அழுகிற குழந்தைக்கு என்ன கேடு என்றாள். அவள் குரலும் நடுங்கியது. அதை மறைக்க உஷ் உஷ் என்று தட்டப் போனாள். சின்னு விலகிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றாள்.

மேடம் வழியை மறிக்கவில்லை. ஆனால் சொன்னாள், மெல்ல, பக்கத்தில் வந்து.

"அக்காகிட்ட என்னன்னு சொல்லுவே? கூட்டிட்டு வந்தது நீ. நல்லா பாத்துக்குறேன்னு சொன்னது நீ. நல்லா யோசிச்சுக்கோ."

படி இறங்கும்போது சின்னு அதைத்தான் யோசித்தாள். குழந்தைக்குத் திடீரென்று காய்ச்சல் என்று சொல்லலாம். பால் புரையேறிவிட்டது என்று சொல்லலாம், அது யாருக்குமே நடப்பதுதான். அக்கா நம்புவாள். நம்பினால் திங்கட்கிழமை காலையில் பையும் பால் புட்டியுமாகத் திரும்பக் கொண்டுவந்து விடுவாள். பட்டாணி அவள் கழுத்தில் ஈரமாக மூச்சு விட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் இடையில் அவள் நின்று, அடுத்தது வருகிற வரை காத்திருந்து, பிறகுதான் அடுத்த படியில் கால் வைத்தாள்.

ஆட்டோவிலிருந்து போன் செய்தாள். அக்கா கடையில் யாருக்கோ மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டே பேசினாள். முழிச்சிட்டாளா, ரொம்பப் படுத்துறாளா என்றாள்.

"அக்கா, அவளைக் குப்புறப் போட்டுட்டாங்க. மூச்சு நின்னுருச்சு. இப்ப இருக்கு. ஆஸ்பத்திரிக்கு வா."

 போன் கட் ஆகவில்லை. ஷட்டர் இழுக்கிற சத்தம் மட்டும் வந்தது.

ஆஸ்பத்திரியில் பட்டாணியின் காலில் ஆக்சிஜன் அளவு பார்க்கிற ஒயரைச் சுற்றினார்கள், அதில் சிவப்பு வெளிச்சம் எரிந்தது. டாக்டர் இளம் வயசுப் பெண். இப்போதைக்கு நன்றாக இருக்கிறாள், ஆனால் உள்ளே வைத்துப் பார்க்க வேண்டும், சரியான நேரத்தில் தூக்கியிருக்கிறீர்கள், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் நான் இப்படிப் பேசிக்கொண்டிருக்க மாட்டேன் என்றாள். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மருந்துக் கடை கோட்டைக் கழற்றக்கூட இல்லை. சின்னு நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்: மேடம், போர்வை, கிளிப், கொடி.  அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குழந்தையின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டினால் பரவாயில்லை, கன்னத்தில் ஒன்று வைத்தாலும் பரவாயில்லை என்று இருந்தது சின்னுவுக்கு.

அக்கா திரும்பாமலே கேட்டாள்.

"மத்த குழந்தைங்கள இவ்ளோ நாளா எப்படிப் போட்டீங்க?"



"இப்படித்தான்."

"அவங்க அம்மாங்களுக்குத் தெரியுமா?"

 இல்லை என்று சின்னு தலையசைத்தாள். அக்கா அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைச் சின்னு அதற்கு முன் பார்த்ததில்லை. கடைக்கு வந்து தப்பான மருந்து கேட்கிறவனை அவள் அப்படிப் பார்ப்பாளோ என்னவோ.

"இப்ப அங்க யாரு இருக்கா?"

மேடம் இருக்கிறாள். குழந்தைகளைப் பார்க்க மேடம் மட்டும்தான் இருக்கிறாள். திரை திறந்த அறையில் மூன்று குழந்தைகள் தொண்டை கிழிய அழுதுகொண்டிருக்க, முன்னறையில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்க, மேடத்தின் உள்ளங்கை என்ன செய்யும் என்று சின்னுவுக்குத் தெரியும். இனி திருப்பிப் போடுவதற்கு அங்கே யாரும் இல்லை.

போனை எடுத்தாள். தினமும் மதியம் தூங்குகிற குழந்தைகளைப் படம் பிடித்து அனுப்புவதால் எல்லா அம்மாக்களின் நம்பரும் அதில் இருந்தது. முதல் நம்பரை அழுத்தினாள். அழைப்பு போய்க்கொண்டே இருந்தது. பட்டாணியின் காலில் வெளிச்சம் மினுக்கியது.

எடுத்த பெண்ணின் குரலுக்குப் பின்னால் தையல் மெஷின்கள் ஓடின. சின்னு தன் பெயரைச் சொன்னதும் அவள் சத்தத்தைத் தாண்டிச் சிரித்தபடியே கேட்டாள்.

"என்னம்மா இந்த நேரத்துல? அவன் தூங்கிட்டிருப்பானே?"